நிலக்கடலைக்கு ஜிப்சம்: விதைக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. மானாவாரி. ஓசூரில் பதினோரு ஆண்டுகள் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நான், முதல் ஆடியில் நிலக்கடலை விதைத்தேன். செடி தழைத்துச் செழிப்பாக நின்றது. வழியில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிடுங்கிய அன்று மாமியார் ஒரு கைப்பிடிக் காயை எடுத்து விரலால் அமுக்கினார். ஓடு உள்ளே போயிற்று. பருப்பு இல்லை. பத்துக் காயை உடைத்தால் நான்கு பொக்கு.

காய்க்குள் பருப்பு கட்ட ஜிப்சம் போட வேண்டும் என்று இரண்டாம் ஆண்டு தெரிந்துகொண்டேன். ஆனால் பூ எடுத்த பிறகுதான் அதைத் தேடி அலைய ஆரம்பித்தேன். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவில் பெயர் இல்லை, யார் பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல் இல்லை, வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருப்பு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி பை வீட்டுக்கு வந்தபோது செடிக்கு அறுபத்திரண்டு நாள். பூவிலிருந்து கீழே இறங்கி நுனியில் காய் பிடிக்கும் விழுதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மண்ணைக் கிளறினால் விழுது அறும். கிளறாமல் மேலே தூவினால் மழை வேண்டும். அந்த ஆண்டு புரட்டாசியில் மழையும் எங்கள் பக்கம் சரியாக வரவில்லை.

மூன்றாம் ஆண்டு வைகாசியிலேயே வேலையைத் தொடங்கினேன். பொக்கு பத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதல் முறையாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்கள் நான் இழந்த இரண்டு ஆண்டுகளை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். இந்தக் கனிமத்தின் குணம் புரிந்தால் பின்னால் வரும் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஜிப்சம் என்பது கால்சியமும் கந்தகமும் தண்ணீரும் சேர்ந்த கனிமம். சுத்தமான ஜிப்சத்தில் ஏறத்தாழ 23 சதவீதம் கால்சியம், 18 சதவீதத்துக்குச் சற்று மேல் கந்தகம். எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கையில் எடுத்தால் உலர்ந்த மாவுதான்; தண்ணீர் அதன் படிகத்துக்குள் கட்டுண்டு இருக்கிறது. சுமார் 150 டிகிரி சூட்டில் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கை விரட்டிவிட்டால் அதுவே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு, வீட்டின் உட்கூரை அலங்காரம், அச்சில் வார்க்கும் சிலை எல்லாம் அதில் செய்வதுண்டு. அந்த மாவில் தண்ணீர் ஊற்றினால் இழந்த தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். சிமென்ட் உடனே இறுகிவிடாமல் கொத்தனாருக்கு நேரம் கொடுப்பதும் அதில் சிறிதளவு அரைத்துச் சேர்க்கும் ஜிப்சம்தான். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெரும்பாலும் இதே பொருள்.

வயலுக்கு முக்கியமான குணங்கள் மூன்று.

ஒன்று, இது தண்ணீரில் கொஞ்சமாகக் கரையும். ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம், இரண்டரை கிராம். உப்பைப் போல ஒரே மழையில் கரைந்து ஓடாது. சுண்ணாம்புக் கல்லைப் போல ஆண்டுக் கணக்கில் கரையாமலும் கிடக்காது. ஈரம் இருந்தால் வாரக்கணக்கில் சிறிதுசிறிதாகக் கால்சியத்தை விடும். ஈரம் இல்லையென்றால் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும்.

இரண்டு, இது மண்ணின் கார அமில நிலையை (pH) சுண்ணாம்பு போல ஏற்றாது.

மூன்றாவதுதான் நிலக்கடலைக்கு உயிர். செடியின் வேர் எடுக்கும் கால்சியம் தண்ணீரோடு மேலே இலைக்குப் போகும். இலையிலிருந்து திரும்பக் கீழே இறங்காது. மற்ற பயிர்களுக்கு இதனால் பெரிய நட்டமில்லை, காய் மேலே காய்க்கிறது. நிலக்கடலைக்குக் காய் மண்ணுக்குள். ஆகையால் விழுதும் பிஞ்சும் தங்களுக்கு வேண்டிய கால்சியத்தைத் தாங்களே தங்கள் தோல் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். காய் பிடிக்கும் மேல் மண்ணில், அதாவது இரண்டு மூன்று அங்குலத்தில், அந்த நேரத்தில் கால்சியம் இல்லையென்றால் ஓடு மட்டும் வளரும், உள்ளே பருப்பு கட்டாது. முதல் ஆண்டு என் செடி அவ்வளவு செழிப்பாக இருந்தும் காய் பொக்கானதற்குக் காரணம் இதுதான். இலையைப் பார்த்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது.

கந்தகம் எண்ணெய்க்கும் புரதத்துக்கும். எண்ணெய் வித்துப் பயிர் எதுவானாலும் அதற்குக் கந்தகம் வேண்டும்.

2. உங்கள் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டுமா என்று பாருங்கள்

எல்லா மண்ணுக்கும் தேவையில்லை. நம் இரண்டு மாவட்டங்களிலும் செம்மண் அதிகம். அதிலேயே ஒரு வயல் கால்சியம் குறைந்த மணல் கலந்த மண்ணாக இருக்கும், அடுத்த வயலில் உழும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் புரளும். சுக்கான் கல் புரளும் நிலத்தில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் ஜிப்சம் போடுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். உலர்ந்த மண்ணை ஒரு கிண்ணத்தில் போட்டு நான்கைந்து சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். நுரை இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்தது மண் பரிசோதனை. வைகாசியில், எரு அடிப்பதற்கு முன் மண் எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குப்பை கிடந்த இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வளைந்து வளைந்து நடந்து ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில், மேல் குப்பையை ஒதுக்கி, ‘வி’ வடிவில் ஆறு அங்குல ஆழம் வெட்டி, அந்தக் குழியின் பக்கச் சுவரிலிருந்து ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும் வரை குறையுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், சர்வே எண், அடுத்து வைக்கப் போகும் பயிர் ஆகியவற்றை எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தால் இரண்டு மாதிரி. நான் முதல் முறை உரச் சாக்கில் மண்ணைக் கொண்டுபோனேன்; அதில் ஒட்டியிருந்த உரம் முடிவையே மாற்றிவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி.

மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். தர்மபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரிக்காரர்கள் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். காவேரிப்பட்டணத்துக்கு அருகே பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பயிர் குறித்த சந்தேகங்களுக்கு அங்கே போவது நல்லது. நான் ஒரு மாதிரிக்கு 30 ரூபாய் கட்டினேன். முடிவு வர மூன்று வாரம் ஆனது.

அட்டை கைக்கு வந்ததும் ஒரு குழப்பம் வரும். மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரங்கள் இருக்கும்; கால்சியம் அவற்றில் ஒன்றல்ல. கால்சியம் என்ற வரியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கார அமில நிலையைப் பாருங்கள், கந்தகத்தைப் பாருங்கள், சுண்ணாம்பு நிலை என்று தனியாக எழுதியிருந்தால் அதையும் பாருங்கள். கந்தகம் பத்து பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் கீழே இருந்து, மண் சுண்ணாம்பு மண்ணாகவும் இல்லையென்றால் ஜிப்சம் கட்டாயம் போட வேண்டிய நிலம். கார அமில நிலை எட்டரைக்கு மேல் இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது சோடியம் மிகுந்த களர் நிலமாக இருக்கலாம், அதற்குக் கணக்கு வேறு. கடைசியில் சொல்கிறேன்.

3. ஆவணங்கள்

மானிய விலையில் வேண்டுமென்றால் உங்கள் வட்டாரத்தின் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத்தான் போக வேண்டும். என்னிடம் கேட்டவை: ஆதார் நகல், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கைபேசி எண். அரசின் ‘உழவன்’ கைபேசிச் செயலியில் முன்கூட்டியே பதிந்துவிட்டால் ஒரு நடை மிச்சமாகும். விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பெற்றிருந்தால் அதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

சிட்டாவை அரசின் நில ஆவண இணையதளத்தில் நீங்களே காசில்லாமல் எடுக்கலாம். பட்டா எண்ணோ சர்வே எண்ணோ தெரிந்தால் போதும்.

எனக்கு இடி விழுந்தது கூட்டுப் பட்டாவில். நிலம் மாமனார் பெயரிலும் அவருடைய இரண்டு சகோதரர்கள் பெயரிலும் இருந்தது. மாமனார் காலமாகி ஆறு ஆண்டுகள். சிட்டாவில் என் பெயரும் இல்லை, கணவர் பெயரும் இல்லை. “உங்க பேர்ல நிலமே இல்லையேம்மா” என்று சொல்லிவிட்டார்கள். வாரிசுச் சான்று எடுத்து, பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்து, அது முடியும் வரை எந்தப் பயிரும் காத்திருக்காது. எங்களைக் காப்பாற்றியது கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல். அதில் யார் சாகுபடி செய்கிறார், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று இருக்கும். சாகுபடி செய்கிறவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். எங்களுக்கு முதலில் கொடுத்ததில் பயிர் ‘கேழ்வரகு’ என்று போன ஆண்டுக் கணக்கிலேயே இருந்தது. அதைத் திருத்த இன்னொரு நாள்.

குத்தகைக்குச் செய்கிறவர்கள் நில உரிமையாளரின் சிட்டாவோடு, தாங்கள்தான் சாகுபடி செய்கிறோம் என்ற சான்றை கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டாவில் உள்ள பெயருக்கும் ஆதாரில் உள்ள பெயருக்கும் எழுத்து வேறுபாடு இருந்தால் அதையும் இப்போதே கவனியுங்கள். முருகேசனும் முருகேசும் அலுவலகத்துக்கு இரண்டு ஆட்கள்.

எல்லாவற்றையும் நான்கு நகல் எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள். விதை, நுண்ணூட்டம், பயிர்க் காப்பீடு என்று இதே தாள்களைத்தான் ஆண்டு முழுக்கக் கேட்பார்கள்.

4. எப்போது கேட்க வேண்டும்

நாட்களை விதைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். ஜூலை 20 அன்று விதைத்தால் நாற்பத்தைந்தாம் நாள் செப்டம்பர் 3. ஆவணி மாதத்தின் நடு. அந்த நாளில் பை உங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: வைகாசியில் மண் மாதிரி, அதே மாதம் அடங்கலுக்கும் சிட்டாவுக்கும் அலைச்சல், ஆனியில் உங்கள் பகுதிக்கான உதவி வேளாண்மை அலுவலரிடம் பெயர் பதிவு, ஆடியில் விதைப்பு. விதை வாங்கப் போகும் அன்றே ஜிப்சத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பூ எடுக்கும் வரை காத்திருந்தால் ஊரே அதே வாரத்தில் கேட்கும். இருக்கும் பைகள் இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

மானியம் எவ்வளவு, எந்தத் திட்டத்தில், ஒருவருக்கு எத்தனை ஏக்கர் வரை என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் வாங்கிய ஆண்டில் பாதி விலை. பக்கத்து வீட்டுக்காரர் போன ஆண்டு சொன்ன கணக்கை நம்பிப் போகாமல், உங்கள் ஆண்டின் கணக்கை அலுவலரிடமே கேளுங்கள்.

இருப்பு வராது என்று தெரிந்தால் ஆவணி பிறந்ததும் தனியாரிடம் வாங்கிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு நானூறு, ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நான் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் போனது அதைப் போலப் பல மடங்கு.

5. பையைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

‘ஜிப்சம்’ என்ற பெயரில் கடைகளில் மூன்று நான்கு வகைப் பொருள்கள் கிடக்கின்றன. வெட்டி எடுத்து அரைத்த கனிம ஜிப்சம் ஒன்று; நம் நாட்டில் பெரும்பகுதி ராஜஸ்தானிலிருந்து வருகிறது. உப்பளங்களில் உப்புக்கு முன்னால் படியும் ஜிப்சம் இன்னொன்று. பாஸ்பேட் உர ஆலைகளில் கழிவாக வரும் பாஸ்போ ஜிப்சம் மற்றொன்று. அது கொஞ்சம் புளிப்புத் தன்மையோடும் ஈரப்பதத்தோடும் இருக்கும். இவை மூன்றும் வயலுக்குப் பயன்படுகின்றன. உப்பளத்து ஜிப்சமாக இருந்தால் நன்றாகக் கழுவப்பட்டதா என்று கேளுங்கள், சமையல் உப்பு கலந்து வந்தால் நிலத்துக்குக் கேடு.

நான்காவது, கட்டடக் கடையில் விற்கும் ஜிப்சம் பிளாஸ்டர். அதை வாங்கிவிடாதீர்கள். சூடேற்றித் தண்ணீர் நீக்கிய அந்த மாவு ஈர மண்ணில் கட்டிகட்டியாக இறுகும்.

ஒரு கடையில் “சுண்ணாம்பும் ஜிப்சமும் ஒண்ணுதான், எதைப் போட்டாலும் கால்சியம்தானே” என்றார்கள். ஒன்றல்ல. சுண்ணாம்பில் கந்தகம் இல்லை. அது மண்ணின் காரத்தை ஏற்றும். மெதுவாகக் கரைவதால் காய் கட்டும் அந்த மூன்று நான்கு வாரத்துக்குள் பயன் தராது.

சோதிப்பது எளிது. பைக்குள் கட்டி ஏதாவது இருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். ஜிப்சம் கடினத்தன்மை அளவுகோலில் வெறும் இரண்டு, நம் நகம் இரண்டரை; தாராளமாகக் கோடு விழும். ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள்: ஓரிரு குமிழி வந்தால் பரவாயில்லை, கனிமத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்திருப்பது இயல்பு, பொங்கி நுரைத்தால் அது சுண்ணாம்புத் தூள். ஒரு தேக்கரண்டியை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். பெரும்பகுதி அடியில் மாவாகத் தங்க வேண்டும். முழுதும் கரைந்துவிட்டால் உப்பு. அடியில் கரண்டியால் குத்த முடியாமல் இறுகிவிட்டால் பிளாஸ்டர்.

விவசாயப் பயன்பாட்டுக்கான ஜிப்சத்தில் குறைந்தது 70 சதவீதம் ஜிப்சம் இருக்க வேண்டும். பையில் அந்த விவரம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாவு நன்றாக அரைபட்டிருக்கட்டும். குருணையாக இருந்தால் கரைய நாளாகும், நமக்கு அவ்வளவு நாள் இல்லை. எடையையும் பாருங்கள். 40 கிலோ பையும் உண்டு, 50 கிலோ பையும் உண்டு. பை எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்கினால் ஏக்கருக்கு முப்பது நாற்பது கிலோ குறைந்துபோகும். ரசீது கட்டாயம்.

6. வீட்டில் வைப்பது

பலகை மேல், சுவரை ஒட்டாமல், கூரை ஒழுகாத இடத்தில். ஈரம் பட்டால் கட்டியாகும், ஆனால் கெட்டுப்போகாது. உலர்த்தி உடைத்துப் போடலாம்.

7. போடும் நாள்

அளவு ஹெக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 160 கிலோ. கால்சியமும் கந்தகமும் மிகவும் குறைந்த நிலத்தில் இதையே இரண்டாகப் பிரித்து, பாதியைக் கடைசி உழவில் அடியுரமாகவும் மீதியை நாற்பது முதல் நாற்பத்தைந்து நாளிலும் போடலாம். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் இந்தப் பிரித்துப் போடும் முறையையே சொல்வேன். பின்னால் ஏதாவது தடங்கல் வந்தாலும் பாதியாவது மண்ணில் இருக்கும்.

இறவைப் பயிருக்கு நாற்பதிலிருந்து நாற்பத்தைந்தாம் நாளுக்குள். மானாவாரிக்கு நாற்பதிலிருந்து எழுபத்தைந்து நாள் வரை மண்ணின் ஈரத்தைப் பார்த்துப் போடலாம் என்று பரிந்துரை இருக்கிறது. ஆனால் அந்த எழுபத்தைந்தை நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். அறுபது நாளுக்கு மேல் செடியின் தூருக்கு மண்ணைக் கொத்தி அணைக்க முடியாது, மேலே தூவி மழைக்குக் காத்திருக்கத்தான் முடியும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாற்பதாம் நாளுக்குப் பிறகு வரும் முதல் நல்ல மழைக்கு மறுநாள், மண் காலில் ஒட்டாத பதத்தில் வேலையை முடித்துவிடுங்கள்.

வேலை நடக்கும் வரிசை இது. இலையில் பனி உலர்ந்த பிறகு தொடங்குங்கள். ஈர இலையில் மாவு ஒட்டிக்கொள்ளும். ஒருவர் அன்னக்கூடையில் ஜிப்சத்தை எடுத்துச் செடியின் தூரை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாக விட்டுக்கொண்டே போக வேண்டும். நெல்லுக்கு யூரியா இறைப்பது போல வீசிப் போட்டால் பாதி, காய் பிடிக்காத இடத்தில் விழும். கால்சியம் விழுதைத் தேடிப் போகாது, விழுதுக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும். பின்னாலேயே இன்னொருவர் களைக்கொத்தால் மேல் மண்ணை லேசாகக் கொத்திக் கலந்து, செடியின் தூருக்கு மண்ணை அணைத்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பொலபொலப்பான மண்ணில்தான் விழுது இறங்கும். களை வெட்டும் வேலையும் இதோடு முடிந்துவிடும். இதற்குப் பிறகு அந்த வயலுக்குள் களைக்கொத்து போகக் கூடாது. விழுது மண்ணைத் தொட்ட பிறகு ஒரு கொத்து தவறி விழுந்தால் ஒரு காய் போயிற்று. களை தெரிந்தால் கையால் மெல்லப் பிடுங்குங்கள்.

செய்யக் கூடாதவை சில. பாஸ்பேட் உரமான டி.ஏ.பி.யை ஜிப்சத்தோடு ஒரே கூடையில் கலக்காதீர்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் பிணைந்து இரண்டுமே செடிக்கு எட்டாத பொருளாக மாறும். பொட்டாஷை விழுது இறங்கும் நேரத்தில் மேலுரமாகப் போடாதீர்கள். காய் பிடிக்கும் மண்ணில் பொட்டாஷ் மிகுந்தால் கால்சியம் உள்ளே போவதைத் தடுக்கும், போட்ட ஜிப்சமே வீணாகும். பொட்டாஷ் அடியுரத்தோடு முடியட்டும். மணல் மிகுந்த நிலத்தில் கனமழை வரும் என்று தெரிந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

எப்படியும் ஜிப்சம் கிடைக்காது என்று விதைக்கும் முன்பே தெரிந்துவிட்டால், மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) டி.ஏ.பி.க்குப் பதிலாகச் சூப்பர் பாஸ்பேட் போடுங்கள். அந்த உரம் தயாராகும்போதே அதில் பாதியளவு ஜிப்சமாகத்தான் இருக்கிறது. கால்சியமும் கந்தகமும் ஓரளவு கிடைத்துவிடும். முழு ஈடு ஆகாது, ஆனால் வெறும் கையை விட மேல்.

அறுவடையில் பருப்பு கட்டியிருந்தும் அதை இரண்டாகப் பிளந்தால் நடுவில் குழியும் பழுப்பும் தெரிந்தால், அது போரான் குறை. ஜிப்சத்தைக் கூட்டிப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. அந்தப் பருப்பை ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு பையூரிலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள்.

8. எனக்கு ஆன செலவு

ஒன்றரை ஏக்கருக்கு 240 கிலோ. 50 கிலோ பைகளாக ஐந்து வாங்கினேன். தனியார் கடையில் பை 300 ரூபாய் சொன்னார்கள், ஐந்துக்கு 1,500. மானியத்தில் எனக்கு 750. இரண்டு மண் மாதிரிக்கு 60. நகல், புகைப்படம், பஸ் எல்லாம் சேர்த்து 340 ரூபாய். அடங்கலைத் திருத்த அலைந்ததும் இதில் அடக்கம். பைகளைக் கொண்டுவர மினி ஆட்டோவைப் பக்கத்து நிலத்துக்காரரோடு பகிர்ந்துகொண்டதில் என் பங்கு 200. தூவுவதற்கென்று கூடுதலாக இரண்டு பெண்களுக்கு ஒரு நாள் கூலி 700. களை வெட்டும் கூலியை இதில் சேர்க்கவில்லை, அது எப்படியும் உண்டு. மொத்தம் 2,050 ரூபாய்.

மானியம் இல்லாமல் வாங்கியிருந்தாலும் 2,800 தாண்டியிருக்காது. ஒன்றரை ஏக்கருக்கு விதைக்கடலை வாங்கும் பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டிய பொருள் இல்லை இது.

9. மீந்த மாவும் பிற பயன்களும்

எனக்குப் பத்துக் கிலோ மீந்தது. எருக்குழியில் ஒவ்வொரு அடுக்குக்கும் மேலாகத் தூவினேன். சாணத்திலிருந்து மூக்கைத் துளைத்து வெளியேறும் அம்மோனியாவை ஜிப்சம் பிடித்து வைக்கும். வாடை குறைவதைக் கண்கூடாகப் பார்த்தேன், தழைச்சத்தும் குழியிலேயே தங்கும்.

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கிப் போவதைப் பார்த்திருப்பார்கள். அதுவும் காய்க்குக் கால்சியம் எட்டாததால் வருவதே. ஆனால் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாததால் வருவதில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சுவதால் வருகிறது. முதலில் தண்ணீரை ஒழுங்காக்குங்கள். மண் பரிசோதனையும் குறை என்று சொன்னால் மட்டும் ஜிப்சம்.

களர் நிலத்துக்கு வருகிறேன். அங்கே மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு, மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆக்கிவிடும். ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமரும். தள்ளப்பட்ட சோடியம் வயலை விட்டு வெளியே போனால்தான் வேலை முடியும். அதற்கு வடிகால் வேண்டும், கட்டி வைத்து வடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை ஆய்வகத்தில் ‘ஜிப்சம் தேவை’ என்று தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். அது நிலக்கடலைக்கான அளவைப் போலப் பல மடங்கு வரும், டன் கணக்கில். ஊரில் ஒருவர் வடிகால் எடுக்காமல் ஒரு டிராக்டர் ஜிப்சத்தைக் கொட்டினார். நிலம் அப்படியே இருக்கிறது. வடிகாலுக்கு வழியில்லையென்றால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் பக்கத்து நிலத்துக்காரரிடம் கால்வாய் வெட்டச் சம்மதம் கேளுங்கள்.